பழைய பைக்கின் மீட்டரை எவ்வளவு நம்பலாம்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: பிறர் ஓட்டிய பைக்கை வாங்கியாயிற்று, மீட்டர் காட்டுவது சரியா என்று தெரியவில்லை. பதில்களுக்குள் போகும் முன் நாங்கள் ஒன்று கேட்கிறோம். ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டுகிறதா, எல்லா முள்ளும் சேர்ந்து ஆடுகின்றனவா? ஒன்று மட்டும் என்றால் அந்த முள்ளுக்குச் செய்தி அனுப்பும் கேபிள், சென்சார், டேங்க் யூனிட் (டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்க்கும் பாகம்) பக்கம் தேடுங்கள். எல்லாம் என்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் வழியையும், அது பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்தையும் பாருங்கள். மீட்டர் பெட்டி கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். பலரும் அதைத்தான் முதலில் மாற்றிவிட்டு, பழைய கோளாறு அப்படியே இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள்.

கேள்வி: மீட்டர் 80 காட்டும்போது செல்போனில் உள்ள ஜிபிஎஸ் 72 காட்டுகிறது. முந்தைய உரிமையாளர் மீட்டரில் ஏதாவது கை வைத்திருப்பாரா?

பதில்: வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே தயாரிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் வாகன விதி 39ன்படி மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு. மோட்டார் சைக்கிள்களுக்கு அந்த வரம்பு உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு மணிக்கு 8 கி.மீ. உங்கள் கணக்கில் 72க்கு 7.2ம் 8ம் சேர்த்தால் 87.2. மீட்டர் 80தான் காட்டுகிறது, வரம்புக்குள் தாராளமாக இருக்கிறது.

ஆனால் அந்த 8 கி.மீ. வித்தியாசம் கம்பெனி வைத்ததா, டயரோ ஸ்பிராக்கெட்டோ (செயின் ஓடும் பல்சக்கரம்) மாறியதால் வந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை ஓடோமீட்டரில் இருக்கிறது. கேபிள் வைத்த பழைய மீட்டரில் வேக முள்ளை நகர்த்துவது சுழலும் காந்தமும் அதைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணமும். காந்தத்தின் சுழற்சி கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் தடுக்கும், இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். தூரம் எண்ணும் ஓடோமீட்டருக்கு இந்தச் சமாச்சாரம் எதுவும் இல்லை. அதே கேபிள் நேராகப் பல்சக்கரங்களைச் சுற்றும். டிஜிட்டல் மீட்டரிலும் வேகத்துக்குக் கூட்டிப் போடும் கணக்கு வேறு, தூரத்துக்கு எண்ணும் கணக்கு வேறு.

ஆகவே கிலோமீட்டர் கற்கள் உள்ள சாலையில் குறைந்தது 10 கி.மீ. ஓட்டி, நாமே பூஜ்யமாக்கிக்கொள்ளும் தூரக் கணக்கான ட்ரிப் மீட்டரைப் பாருங்கள். கல் 10 காட்டும்போது ட்ரிப்பும் 10ஐ ஒட்டி, இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் சக்கரப் பக்கம் எல்லாம் சரி. வேக முள் காட்டும் மிகை கம்பெனி வைத்தது, அல்லது மீட்டருக்குள் ஸ்பிரிங் தளர்ந்தது. ட்ரிப் 10.7, 10.8 என்று காட்டினால் டயர், ஸ்பிராக்கெட், ஸ்பீடோ வார்ம் (சக்கரத்தின் சுழற்சியைக் கேபிளுக்குக் கொடுக்கும் பல்லமைப்பு) இவற்றில் ஒன்று அந்த பைக்குக்கு உரியது இல்லை.

ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடும்போது திறந்த வானம், நேரான சமதளச் சாலை, அரை நிமிடமாவது மாறாத வேகம் மூன்றும் வேண்டும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே பார்த்தால் செல்போன் பின்தங்கிய எண்ணைத்தான் காட்டும். 40, 60, 80 என மூன்று வேகங்களில் எழுதி வையுங்கள். எழுதுவது பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வேலை, ஓட்டுபவருடையது அல்ல.

கேள்வி: பைக்கில் முன் டயர் 100/90-17 இருக்க வேண்டுமாம். எனக்கு வந்தது 90/90-17. பின்னால் செயின் ஸ்பிராக்கெட்டும் மாற்றியிருக்கிறார்கள். மீட்டர் எவ்வளவு தப்பாகும்?

பதில்: டயர் கணக்கை நீங்களே போடலாம். 100/90-17ல் முதல் எண் டயரின் அகலம், மி.மீ.யில்; கடைசி எண் ரிம் அளவு. ரிம் அளவு அங்குலத்தில் இருக்கிறது, அதை 25.4ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 90 சதவீதம், அது மேலும் கீழும் இரண்டு முறை வரும். 100/90-17க்கு 431.8 கூட்டல் 180, மொத்த விட்டம் 611.8 மி.மீ. சுற்றளவு சுமார் 1,922 மி.மீ. 90/90-17க்கு விட்டம் 593.8, சுற்றளவு சுமார் 1,865. வித்தியாசம் 3 சதவீதம். சின்ன டயர் ஒரு கிலோமீட்டருக்கு அதிக முறை சுற்றும், அதனால் மீட்டர் 3 சதவீதம் கூட்டிக் காட்டும். பெரிய டயர் போட்டிருந்தால் இதற்கு நேர்மாறு. அதுதான் வம்பு: மீட்டர் 60 காட்டும், நீங்கள் அதற்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

தேய்மானத்துக்கும் பங்கு உண்டு. டயரின் பட்டன் (சாலையைத் தொடும் மேடு) 5 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 10 மி.மீ. குறையும். 611.8ல் 10 என்பது ஒன்றரைச் சதவீதத்துக்குச் சற்று மேல். காற்று குறைந்தாலும் திசை அதுவேதான், அளவு மட்டும் சிறியது.

ஸ்பிராக்கெட் விஷயத்தில் சென்சார் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். முன் சக்கரத்திலோ பின் சக்கரத்திலோ இருந்தால் ஸ்பிராக்கெட் எதுவானாலும் மீட்டருக்குக் கவலை இல்லை. கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பிரச்சினை. முன் ஸ்பிராக்கெட்டில் 15 பல் இருந்த இடத்தில் 14 பல் போட்டால் மீட்டர் 15/14 மடங்கு, அதாவது 7 சதவீதம் கூட்டிக் காட்டும். உண்மை வேகம் 70 என்றால் அது 75 ஆகிவிடும். பின் ஸ்பிராக்கெட் 42லிருந்து 45க்குப் போனாலும் அதே 7 சதவீதம், அதே திசை. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற உங்கள் மைலேஜ் கணக்கும் இதே அளவு வீங்கியிருக்கும்.

சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே பொருத்தும் திருத்தக் கருவிகள் கிடைக்கின்றன, சென்சார் அனுப்பும் மின் துடிப்பான பல்ஸ் எண்ணிக்கையைச் சதவீதக் கணக்கில் கூட்டும் குறைக்கும். அதை அமைக்கும்போது பலர் செய்யும் தவறு, வேக முள்ளை ஜிபிஎஸ்ஸோடு அச்சாகப் பொருத்துவது. கம்பெனியே 7 சதவீதம் கூட்டி வைத்த முள்ளை நீங்கள் 7 சதவீதம் இறக்கினால், சரியாக எண்ணிக்கொண்டிருந்த ஓடோமீட்டர் 10 கி.மீ.க்கு 9.3 என்று எண்ண ஆரம்பித்துவிடும். டயராலும் ஸ்பிராக்கெட்டாலும் வந்த சதவீதத்தை மட்டும் திருத்துங்கள். கம்பெனி வைத்ததை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 30 கி.மீ. வேகத்தில் முள் 20க்கும் 45க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது. 60க்கு மேல் ஓரளவு நிற்கிறது. கேபிள் வகை மீட்டர்.

பதில்: உள்கம்பி உலர்ந்துவிட்டது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. கம்பி உறைக்குள் சிக்கும், முறுக்கேறும், பிறகு சட்டென விடுபட்டுச் சுழலும். மெதுவாகப் போகும்போது இந்தச் சிக்கலும் விடுபடலும் முள்ளில் தெரியும், வேகமாகச் சுற்றும்போது அமுங்கிவிடும்.

மீட்டர் அடியில் உள்ள நட்டைக் கையாலோ பிளையரால் மென்மையாகவோ கழற்றுங்கள். சில பைக்குகளில் உள்கம்பி மேல்பக்கமாக உருவ வரும், சிலவற்றில் சக்கரப் பக்கம் கழற்றிக் கீழாக இழுக்க வேண்டும். வெளியே வந்ததும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சமமான கண்ணாடி மேல் வைத்து விரலால் உருட்டுங்கள். நல்ல கம்பி சத்தமின்றி உருளும். மடங்கியது ஒரு இடத்தில் துள்ளும். துள்ளினால் அதை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், கேபிளை மாற்றுங்கள். இரண்டு முனைகளிலும் உள்ள சதுரம் மழுங்கி வட்டமாகியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

கிரீஸ் போடும் இடத்தில் கை தாராளமாக வேண்டாம். கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு மெல்லிய பூச்சு போதும். மீட்டரை ஒட்டிய 15 செ.மீ. உலர்ந்தே இருக்கட்டும். சுழலும் கம்பி திருகாணி போல கிரீஸை மேலே ஏற்றும். அது மீட்டருக்குள் புகுந்தால் காந்தமும் அலுமினியக் கிண்ணமும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 30ல் போகும்போதே முள் 120ஐத் தொடும், சில சமயம் முள்ளே முறியும். எண்ணெயை மேலிருந்து ஊற்றும் பழக்கம் பல மீட்டர்களைக் கொன்றிருக்கிறது.

திரும்ப மாட்டும்போது உறையின் வழியைப் பாருங்கள். ஃபோர்க்கில் உள்ள வளையத்துக்குள் செல்கிறதா, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது இழுபடுகிறதா, எங்காவது கூர்மையாக வளைகிறதா? தொங்கும் வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஆட்டம் நிற்காவிட்டால் மீட்டரைத் தனியாகச் சோதிக்கலாம். உள்கம்பியின் ஒரு துண்டையோ பழைய கேபிளையோ ட்ரில் மெஷினில் மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் மீட்டரைச் சுற்றுங்கள். முள் பூஜ்யத்துக்குக் கீழே அமுங்கப் பார்த்தால் திசை தவறு, உடனே நிறுத்தித் திருப்பிச் சுற்றுங்கள். நிலையாகச் சுற்றும்போது முள்ளும் நிலையாக நின்றால் மீட்டர் நல்லது, கோளாறு கேபிளிலோ சக்கரத்தில் உள்ள வார்மிலோ இருக்கிறது.

கேள்வி: முன் டயர் பஞ்சர் ஒட்டிய மறுநாளிலிருந்து ஸ்பீடோமீட்டர் செத்துவிட்டது. ஓடோமீட்டரும் ஓடவில்லை.

பதில்: இரண்டும் சேர்ந்து நின்றதால் மீட்டர் மேல் பழி போட வேண்டாம். சக்கரத்தை மாட்டும்போது ஸ்பீடோ டிரைவின் காதுகள் வீல் டிரம்மில் உள்ள பள்ளங்களில் உட்காரவில்லை. அப்படியே ஆக்சிலை முறுக்கியிருந்தால் காதுகள் நசுங்கியிருக்கும். ஆக்சிலைத் தளர்த்தி, சக்கரத்தை இறக்கிப் பாருங்கள். காதுகள் நேராக இருந்தால் பள்ளத்தில் பொருத்தி, டிரைவ் பெட்டியை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, கேபிள் வரும் வாய் சரியான கோணத்தில் இருக்க ஆக்சிலை முறுக்குங்கள். வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்துவது சில நாளைக்குத்தான் தாங்கும். உள்ளே இருக்கும் பினியன் (சிறு பல்சக்கரம்) பிளாஸ்டிக் என்றால் பற்கள் வழித்துப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சென்சார் வகை பைக் என்றால் இதே பஞ்சர் வேலையில் சென்சார் முனைக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மாறியிருக்கலாம், அல்லது ஒயர் ஆக்சிலுக்கடியில் நசுங்கியிருக்கலாம். சென்சார் முனை காந்தம் கொண்டது, பிரேக் தேய்மான இரும்புத் தூள் தாடி போல அதில் ஒட்டும். துணியால் துடைத்தாலே உயிர் வந்துவிடும். ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் சென்சார் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்று ஒயர் உள்ள சென்சாரில் ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். சாவியைப் போட்டுச் சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றினால் சிக்னல் ஒயரில் வோல்டேஜ் ஏறி இறங்க வேண்டும். ஏறாமல் ஒரே எண்ணில் நின்றால், மற்ற இரண்டிலும் மின்சாரமும் எர்த்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சென்சாரை மாற்றுங்கள்.

கேள்வி: இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் தாளம் போடுகிறது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள்ளும் கொஞ்சம் நகர்கிறது.

பதில்: மெக்கானிக்குக் கொடுக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது. பழுதான எர்த். இண்டிகேட்டரின் இரண்டு 10 வாட் பல்புகள் எரியும்போது சுமார் 1.7 ஆம்பியர் ஓடும். எர்த் இணைப்பில் துரு ஏறி அரை ஓம் தடை உண்டாகியிருந்தால், அந்த 1.7 ஆம்பியர் அங்கே முக்கால் வோல்ட்டுக்கும் மேல் விழுங்கிவிடும். மீட்டரும் அதே எர்த்தைப் பகிர்ந்துகொள்கிறது. பல்பு எரியும் ஒவ்வொரு முறையும் மீட்டருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் சரிகிறது, முள்ளும் கூடவே ஆடுகிறது.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில். சிவப்பு முனை மீட்டர் கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் செருகி) வரும் எர்த் ஒயரில், கப்ளர் மாட்டியபடியே பின்பக்கமாகச் செருகி. சாவி போட்டு, ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் எரிய விடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. 0.3க்கு மேல் போனால் திருடன் அகப்பட்டான். அதேபோல பேட்டரி பாசிட்டிவுக்கும் மீட்டருக்கு வரும் பாசிட்டிவ் ஒயருக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் ஹோல்டர், கப்ளர் முனைகள் என வரிசையாகச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

எர்த் ஒயர் சேஸிஸில் போல்ட் ஆகும் இடம் பெரும்பாலும் டேங்குக்கு அடியிலோ ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்திலோ இருக்கும். பழைய பைக்கில் ஒரு விசேஷம் உண்டு: விற்பதற்கு முன் சேஸிஸுக்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள், எர்த் போல்ட்டின் கீழும் பெயின்ட் இருக்கும். உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டி, வளையத்தை இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். அடுத்து எஞ்சினை ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் முறுக்காமல் ஓட விட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் திருப்புங்கள். திருப்பும்போது மட்டும் முள் குதித்தால் கழுத்துப் பகுதியில் உள்ளே செம்புக்கம்பி முறிந்திருக்கிறது. மேலுறை நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

எர்த் சரியாக இருந்தும் எல்லாம் ஆடினால் சார்ஜிங்கைப் பாருங்கள். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடும்போது 13.8லிருந்து 14.5 வரை இருக்கலாம். 15ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அதோடு ஓட்ட வேண்டாம், பல்பில் தொடங்கி டிஜிட்டல் மீட்டர் வரை எரித்துவிடும்.

முந்தைய உரிமையாளர் சேர்த்த எல்இடி பார், செல்போன் சார்ஜர், ஹார்ன் எல்லாம் மீட்டர் ஒயரிலிருந்து கிளை பிரித்து எடுக்கப்பட்டிருந்தால் அவற்றைக் கழற்றிவிட்டு ஒரு முறை சோதியுங்கள். பல நேரங்களில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது, முள் காலி என்று குறிக்கும் ஈ எழுத்திலேயே படுத்துக் கிடக்கிறது. மீட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: பொறுங்கள், பத்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. டேங்க் யூனிட்டிலிருந்து வரும் இரண்டு ஒயர் கப்ளரைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு முள் எந்த முனைக்குப் போகிறது என்று பாருங்கள். அடுத்து, மீட்டர் பக்கம் போகும் கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சில விநாடிகள் இணையுங்கள். முள் எதிர் முனைக்குப் போனால் மீட்டரும் ஒயரிங்கும் நல்லவை. குற்றவாளி டேங்குக்குள் இருக்கிறான். நகரவே இல்லை என்றால் ஒயரையும் எர்த்தையும் பார்த்துவிட்டு அப்புறம் மீட்டரைச் சந்தேகப்படலாம். டிஜிட்டல் மீட்டரில் இந்தச் சோதனைக்கு முன் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். சிலவற்றில் இணைப்பு துண்டானால் எல்லாக் கோடுகளும் மின்னும், அதுவே ஒரு பதில்.

யூனிட் என்பது மிதவையும் அதன் கை நகர்த்தும் ஒரு மின்தடையும்தான். பல பைக்குகளில் டேங்க் நிறைந்திருக்கும்போது 10 ஓமுக்குள்ளும், காலியானால் 90, 100 ஓம் அளவிலும் இருக்கும். சில தயாரிப்புகளில் தலைகீழ். உங்கள் மாடலுக்கு மேனுவலில் உள்ள எண்தான் வேதம். பழைய பைக்கில் வேறு மாடலின் யூனிட் பொருத்தப்பட்டிருந்தால் முள் முழுக்க எதிர்மாறாகக் காட்டும்: பெட்ரோல் ஊற்ற ஊற்ற இறங்கும்.

கழற்றும்போது பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள். காற்றோட்டமான வெளியிடம், பக்கத்தில் நெருப்போ சுவிட்சோ இல்லாத இடம். யூனிட் டேங்கின் அடியில் இருந்தால் முழுப் பெட்ரோலையும் வடிக்க வேண்டும், மேலே இருந்தால் சில லிட்டர் இறக்கினால் போதும். வெளியே எடுத்ததும் மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சளக் என்று சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. அது மிதக்காது, டேங்க் நிறைந்தாலும் முள் ஈ எழுத்தில்தான். உங்கள் அறிகுறிக்கு இதுதான் அதிகம் பொருந்துகிறது. மிதவை நல்லதென்றால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, கையை மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். எண் சீராக ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் துள்ளினாலோ எல்லையற்ற தடை காட்டினாலோ அந்தத் தடம் தேய்ந்துவிட்டது. காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்க்கலாம். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மிச்சமிருக்கும் தடமும் போய்விடும். தண்ணீர் கலந்த பெட்ரோல் டேங்கின் அடியில் தேங்கி இந்தத் தடத்தை அரிப்பதுண்டு, அதனால் டேங்கின் அடியையும் ஒரு பார்வை பாருங்கள்.

திரும்பப் பொருத்தும்போது புதிய கேஸ்கெட் போடுங்கள். நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். 6 மி.மீ. நட்டு என்றால் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போக வேண்டாம். மிதவைக் கை டேங்கின் உள்சுவரில் உரசாத திசையில் இருக்கிறதா என்று முறுக்கும் முன்பே பாருங்கள். உரசினால் முள் ஒரே இடத்தில் உறைந்து நிற்கும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

இந்த வேலைக்கு டேங்க் எப்படியும் காலியாகிறது. அதை வீணாக்காமல் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, பைக்கை நிமிர்த்தி வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். டேங்கின் வடிவம் நேரான பெட்டி இல்லை, நடுவே சேஸிஸுக்காகக் குழிந்தது. மேல் பாதி மெதுவாக இறங்குவதும் கீழ்ப் பாதி சரசரவென இறங்குவதும் கோளாறு அல்ல. சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் படிக்கும் அளவுக்கும் மதிப்பில்லை.

கேள்வி: ஐடிலில் ஆர்பிஎம் மீட்டர் 2,800 காட்டுகிறது. எஞ்சின் சத்தம் சாதாரணமாகவே இருக்கிறது. சில சமயம் முள் 6,000 வரை பாய்ந்து திரும்புகிறது.

பதில்: இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மேனுவலில் ஐடில் 1,400 என்றிருந்தால் உங்கள் மீட்டர் சரியாக இரண்டு மடங்கு காட்டுகிறது. மின்னணு ஆர்பிஎம் மீட்டர் இக்னிஷன் பல்ஸ்களை எண்ணும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறிதான் தேவை. ஆனால் பல ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொறி விடும், பாதிப் பொறி புகை வெளியேறும்போது வீணாகப் போகும். இரண்டு சுற்றுக்கு ஒரு பல்ஸ் என்று நினைக்கும் மீட்டரை இந்த பைக்கில் மாட்டினால் இரட்டிப்பாகத்தான் காட்டும். வெளியில் வாங்கிப் பொருத்திய மீட்டர் என்றால் பின்பக்கம் சிறிய சுவிட்சோ அமைப்பு மெனுவோ இருக்கும், அதை மாற்றினால் தீர்ந்தது. கம்பெனி மீட்டரிலேயே இப்படி என்றால் வேறு மாடலின் மீட்டர் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

பாய்ச்சலுக்குக் காரணம் மின் இரைச்சல். ஸ்பார்க் பிளக் எண்ணில் ஆர் எழுத்து இருந்தால் அது உள்ளே மின்தடை கொண்டது. அதற்குப் பதில் தடையில்லாத பிளக் போட்டிருப்பார்கள். பிளக் கேப்பையும் அளந்து பாருங்கள், பொதுவாக 5 கிலோ ஓம் இருக்கும். பூஜ்யம் காட்டினாலும் தப்பு, எல்லையற்றதாகக் காட்டினாலும் தப்பு. பிளக்குக்குப் போகும் தடித்த ஒயர் மீட்டர் ஒயரிங்கோடு கட்டப்பட்டிருந்தால் பிரித்து, குறைந்தது ஐந்து செ.மீ. தள்ளி ஓட்டுங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு: சாவியை எடுத்த பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராமல் நடுவே நிற்பது சில மீட்டர்களில் இயல்பு. சாவி போட்டதும் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். முள்ளைப் பிடுங்கித் திரும்பக் குத்தும் வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: ரேடியேட்டர் வைத்த பைக். எவ்வளவு ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் எழுவதே இல்லை.

பதில்: முள் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கினால் எஞ்சின் சூடேறவே நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பி, ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டெனச் சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட்.

அது சரியென்றால் சென்சார். சூடு ஏற ஏற அதன் தடை குறையும். ஒயர் அறுந்தால் குளிர்ச்சி என்றும், ஒயர் எர்த்தில் உரசினால் கொதிக்கிறது என்றும் முள் காட்டும். ஒற்றை ஒயர் சென்சாரில் எர்த் அதன் திருகு வழியாகத்தான் போகிறது. கசிவுக்குப் பயந்து யாராவது டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கியிருந்தால் எர்த் போய்விடும். டேப்பைச் சுரண்டி எடுங்கள். தண்ணீரில் தெர்மாமீட்டரோடு சென்சாரைத் தொங்கவிட்டு, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் சூடேற்றி, மேனுவலில் உள்ள ஓம் அளவோடு ஒப்பிடலாம். கூலன்ட் மாற்றிய பிறகு முள் ஏறி இறங்கினால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது, காற்றை வெளியேற்றுங்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு மீட்டர் கண்ணாடிக்குள் பனி படிகிறது.

பதில்: ஓரிரு மணி நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. சொட்டுச் சொட்டாக நின்றால் கண்ணாடி ஓரத்து ரப்பர் போய்விட்டது. அடியில் உள்ள காற்றுத் துளையை யாராவது சிலிகான் போட்டு அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லை. உயர் அழுத்தத் தண்ணீரை மீட்டர் பக்கம் காட்ட வேண்டாம்.

கேள்வி: சாவியை எடுத்தால் கடிகாரமும் ட்ரிப்பும் பூஜ்யமாகிவிடுகின்றன.

பதில்: மீட்டருக்குச் சாவி வழியாக வரும் மின்சாரம் ஒன்று, பேட்டரியிலிருந்து நேராக எப்போதும் வரும் மின்சாரம் இன்னொன்று. இரண்டாவது அறுந்திருக்கிறது. அதற்கென்று தனி ஃபியூஸ் இருக்கும், அதில் தொடங்குங்கள்.

கேள்வி: ஓடோமீட்டர் 9,000 கி.மீ. என்கிறது. பைக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கை வைத்தது ஓடோமீட்டரில் மட்டும்தான் இருக்கும், மற்ற பாகங்களில் வைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியர் காலிப்பரால் தேய்ந்த பகுதியை அளந்து அதோடு ஒப்பிடுங்கள். 9,000 கி.மீ.யில் டிஸ்க் அந்த எல்லையை நெருங்கியிருக்காது. கியர் லீவர் ரப்பர், ஃபுட்ரெஸ்ட், சாவித் துளையைச் சுற்றிய கீறல் மூன்றையும் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போலிருந்தால் ஸ்டியரிங் பேரிங் நிறைய உழைத்திருக்கிறது.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். பைக் 2016ல் வந்து டயர் 2019ல் செய்யப்பட்டது என்றால், முதல் டயர் எத்தனை ஓடித் தேய்ந்தது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். டயர் பழசாகி வெடித்ததால் மாற்றியது என்ற பதிலும் நியாயமானதே. ஆகவே ஒரு சான்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எண் சக்கரங்கள் சுழலும் பழைய ஓடோமீட்டரில் இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் ஏற்ற இறக்கமாக இருந்தால், மீட்டர் பெட்டியின் திருகுகளில் கீறல் இருந்தால், திறந்திருக்கிறார்கள். டிஜிட்டலில் அந்த எண் மீட்டரின் சிப்பில் இருக்கிறது. மீட்டரை மாற்றினால் பழைய எண் போய்விடும், அது மோசடி என்று சொல்லிவிட முடியாது, விபத்துக்குப் பின் மாற்றியிருக்கலாம். எஞ்சின் ஓடிய மணி நேரத்தைத் தனியாகப் பதிவு செய்யும் மாடல் என்றால் டயக்னாஸ்டிக் கருவியில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். 500 மணி நேரம் என்றால், சராசரி 30, 40 கி.மீ. வேகத்தில் 15,000லிருந்து 20,000 வரை வரும். 9,000 அங்கே பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வந்த பைக்கில் எண் மைல் கணக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள், 9,000 மைல் என்பது சுமார் 14,480 கி.மீ.

எப்படிப் பார்த்தாலும் உண்மை எண் கிடைக்கவில்லை என்றால் அதைத் தேடி அலைவதில் பலனில்லை. ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, வால்வு இடைவெளியையும் செயின் ஸ்பிராக்கெட்டையும் பார்த்துவிட்டு, அன்றைய தேதியையும் மீட்டர் எண்ணையும் சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த சர்வீஸ் கணக்கை அந்த எண்ணிலிருந்து போடுங்கள்.